மில்ஃபோர்டுக்குப் போகும் நாளை முதலில் குறியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்

நியூசிலாந்தின் தென் தீவை இருவராகக் காரில் சுற்றுவது பற்றிக் கேட்டால், போய்வந்தவர்கள் எல்லோரும் படங்களைத்தான் நீட்டுவார்கள். நீல ஏரி, பனிமலை, கடல்நீரில் நேராக விழும் அருவி. எந்த இடத்தில் காசு கரையும், எங்கே அரை நாள் காணாமல் போகும் என்பதை யாரும் சொல்வதில்லை. கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கி டெகாபோ, அவோராக்கி மவுண்ட் குக், வானகா, குயின்ஸ்டவுன், தே அனாவ் வழியாக, மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நீண்டிருக்கும், படகில் சுற்றிப் பார்க்கும் மில்ஃபோர்ட் சவுண்ட் வரை போகிறவர்கள் பெரும்பாலும் அதே இடங்களில்தான் மாட்டுகிறார்கள். ஆகவே பாதை போகும் வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகிறோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: அட்டவணையை மில்ஃபோர்டிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். மற்ற ஊர்களில் மழை பெய்தால் காட்சி மறையும், அவ்வளவுதான். மில்ஃபோர்டில் சாலையையே மூடிவிடுவார்கள்.

முதல் செலவு விமான நிலையத்திலேயே காத்திருக்கிறது. உணவுப் பொருள், விதை, இலை, மண் ஒட்டிய காலணி எதுவானாலும் வருகைப் படிவத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பையில் சிக்கினால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். வீட்டில் அரைத்த பொடி, ஊறுகாய், பால் சேர்த்த இனிப்பு, கறிவேப்பிலை என்று கொண்டுபோகிறவர்கள் எல்லாவற்றையும் எழுதிக் காட்டிவிடுங்கள். அனுமதிக்க முடியாததை எடுத்துக்கொள்வார்கள், சொன்னதற்காக அபராதம் போடமாட்டார்கள். நடைப்பயணக் காலணியைக் கிளம்பும் முன்பே கழுவிக் காயவைத்துவிட்டால் அந்த வரிசையில் அரை மணி மிச்சம். ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருந்தால் போதும். ஆனால் அசல் அட்டை கையில் இருக்க வேண்டும். கைபேசியில் இருக்கும் படத்தைக் காட்டிக் கார் வாங்க முடியாது.

வாடகைக் காரில் இருவர் பெயரையும் எழுதுங்கள். இரண்டாவது ஆளுக்குச் சில நிறுவனங்கள் தினக் கட்டணம் கேட்கும், சில கேட்காது. கேட்டாலும் கொடுங்கள். பெயர் இல்லாதவர் ஸ்டியரிங்கைப் பிடித்து ஏதாவது ஆனால் காப்பீடு செல்லாது, மொத்தச் செலவும் உங்கள் தலையில் விழும். அடிப்படைக் காப்பீட்டில் விபத்து நேர்ந்தால் நீங்கள் ஏற்கவேண்டிய தொகை பல ஆயிரம் டாலர் வரை போகலாம். அதைக் குறைக்கும் கூடுதல் திட்டத்தை வாங்கினாலும் டயர், முன்கண்ணாடி, காரின் அடிப்பகுதி, சாவி தொலைவது ஆகியவை உள்ளே வருமா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குயின்ஸ்டவுன் பக்கத்தில் இருக்கும் ஸ்கிப்பர்ஸ் கேன்யன் சாலையில் வாடகைக் காரின் காப்பீடு செல்லாது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அங்கே சொந்தமாக ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், சுற்றுலா வண்டியில் போங்கள்.

உள்ளேயே படுத்துத் தூங்கும் கேம்பர்வேனா, காரா என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதத்துக்கு எங்கள் பதில் கார். வேன் பெரும்பாலும் டீசலில் ஓடும். அந்நாட்டில் டீசல் விலையில் சாலை வரி கிடையாது, ஓடிய தூரத்துக்குத் தனியாக வாங்குவார்கள். சிறிய வண்டிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர், வாடகை நிறுவனம் அதன்மேல் தன் கணக்கையும் சேர்க்கும். கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்கலாம் என்பதும் பழைய கதை. வண்டிக்குள்ளேயே கழிப்பறை பொருத்தி, அதற்கான சான்று ஒட்டியிருந்தால்தான் அனுமதி, அதுவும் குறித்த இடங்களில் மட்டும். மீறினால் 400 டாலர். மின் இணைப்புள்ள முகாம் இடம் எடுத்தால் அதற்குத் தனி வாடகை. எல்லாம் கூட்டிப் பார்த்தால் சிறிய கார், எளிய மோட்டல் அறை, அதிலேயே ஒரு அடுப்பு என்பது பல நேரங்களில் மலிவாக வரும். மலைச் சாலையில் ஓட்டுகிறவரின் தோள்வலியும் குறையும்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெகாபோ சுமார் 226 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். நம் ஊர் போலவே இடதுபக்கம் ஓட்டுவதால் பழக ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் சாலை பழகியதாகத் தோன்றும், விதிகள் வேறு. ஊருக்கு வெளியே உச்ச வேகம் 100, ஊருக்குள் பெரும்பாலும் 50. வளைவுக்கு முன் மஞ்சள் பலகையில் 35 என்றோ 55 என்றோ எழுதியிருந்தால் அந்த வளைவைத் தாங்கும் வேகம் அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டில் உங்கள் பக்கம் மஞ்சள் கோடு தொடர்ச்சியாக இருந்தால் முந்தக் கூடாது. ஒற்றை வழிப் பாலங்கள் நிறைய வரும். வட்டப் பலகையில் உங்கள் திசைக்குச் சின்னச் சிவப்பு அம்பும் எதிர்த்திசைக்குப் பெரிய கறுப்பு அம்பும் இருந்தால் நீங்கள் நின்று வழிவிட வேண்டும். நீலச் சதுரப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு உங்கள் திசையைக் காட்டினால் உங்களுக்கு முன்னுரிமை, ஆனாலும் எதிரே வருபவர் பலகையைப் பார்த்தாரா என்று கவனித்துவிட்டுப் போங்கள். ஓட்டாத ஆளின் வேலை கைபேசியில் படம் எடுப்பது மட்டும் இல்லை. பாலப் பலகையையும் வளைவு எண்ணையும் உரக்கப் படித்துச் சொல்வதுதான் முதல் வேலை. இதை முதல் நாளே பேசி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

கோடைக்காலத்தில் சாலைக்குப் புதிதாகத் தாரூற்றிப் பொடிக்கல் தூவியிருப்பார்கள். தற்காலிகப் பலகையில் 30 என்று இருக்கும், பின்னால் வரும் உள்ளூர்க்காரர் அவசரப்படுத்துவார். அசையாதீர்கள். எதிரே வரும் லாரி தெறிக்கவிடும் ஒரு கல் போதும், கண்ணாடியில் கடுகளவு புள்ளி விழும். இரவுக் குளிரிலும் ஹீட்டர் சூட்டிலும் மாறி மாறி விரிந்து சுருங்கி, மறுநாள் காலையில் அது ஒரு சாண் நீளத்துக்கு ஓடியிருக்கும். புள்ளியாக இருக்கும்போதே வாடகை நிறுவனத்துக்குச் சொன்னால் பிசின் நிரப்பிச் சரிசெய்ய வழியுண்டு, ஓடிவிட்டால் முழுக் கண்ணாடிக்கும் பணம் கட்ட வேண்டும். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்க இடம் வரும்போது ஒதுங்கி வழிவிடுங்கள். அங்கே அதை மரியாதையாகவே எதிர்பார்க்கிறார்கள்.

டெகாபோவில் ஏரிக்கரையில் இருக்கும் நல்மேய்ப்பர் தேவாலயம் 1935இல் கட்டிய சின்னக் கல் கட்டடம். பேருந்துகள் வரும் நடுப்பகலில் அங்கே நிற்க இடமிருக்காது, விடியலில் போங்கள். இந்தப் பகுதி 2012 முதல் செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் இருள்வானக் காப்பகம் என்பதால் அமாவாசையை ஒட்டி இரவு தங்கினால் பால்வெளி மண்டலம் வெறும் கண்ணுக்கே தெரியும். நிலா நாளைப் பார்க்காமல் அறை போட்டுவிட்டு ஏமாந்தவர்கள் நிறைய. ஊரிலும் வழியிலும் ஆளில்லாத பெட்ரோல் பங்குகள் இருக்கும். அட்டையும் ரகசிய எண்ணும் போட்டவுடன் இயந்திரம் 150 டாலரோ அதற்கு மேலோ முன்கூட்டியே பிடித்துவைக்கும், ஊற்றியது 60 டாலருக்கு என்றாலும் மீதி திரும்பச் சில நாள் ஆகலாம். பயண அட்டையில் அளவாகப் பணம் ஏற்றியிருப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. ஆள் இருக்கும் பங்கில் ஊற்றுங்கள், அல்லது இரண்டாவது அட்டை ஒன்று வைத்திருங்கள்.

அடுத்தது புகாகி ஏரி. பனியாறு பாறையை அரைத்த மாவு நீரில் மிதப்பதால்தான் அந்தப் பால் கலந்த நீலம். வெயில் இருந்தால்தான் அது எடுபடும். ஏரியின் மேற்குக் கரையோரம் போகும் 80ஆம் எண் சாலை 55 கிலோமீட்டர் ஓடி மவுண்ட் குக் கிராமத்தில் முடிகிறது, அப்பால் வழியில்லை. பெட்ரோலையும் மளிகையையும் டெகாபோவிலோ ட்வைசலிலோ முடித்துக்கொள்ளுங்கள். அவோராக்கியின் உயரம் 3,724 மீட்டர். மேகம் மூடிவிட்டால் மலை இருக்கும் அடையாளமே தெரியாது, அதனால் இங்கும் ஓர் இரவு தங்கினால் இரண்டு வாய்ப்பு கிடைக்கும். ஹூக்கர் பள்ளத்தாக்கு நடைபாதை போய்வர 10 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், பெரிய ஏற்றமில்லை. தொங்கு பாலங்களில் வேலை நடக்கும் காலங்களில் பாதி வரைதான் விடுவார்கள், கிராமத்தில் இருக்கும் வனத்துறை மையத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இந்தத் திறந்த வெளியில் காற்றுதான் எதிரி. வண்டியின் முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்துங்கள், ஒரே நேரத்தில் இருவரும் கதவைத் திறக்காதீர்கள், கைப்பிடியை விடாமல் திறங்கள். பின்னாலிருந்து அடிக்கும் காற்று கதவைப் பிடுங்கிக் கீலை வளைத்துவிடும். காப்பீடு பல நேரங்களில் இதை ஏற்காது.

மவுண்ட் குக்கிலிருந்து வானகாவுக்கு லிண்டிஸ் கணவாய் வழியாகப் போக வேண்டும், உயரம் 971 மீட்டர். பழுப்புப் புல் போர்த்திய மடிப்பு மடிப்பான குன்றுகள், எங்கள் கணக்கில் முழுப் பாதையிலும் அதிகம் பேசப்படாத அழகு இதுதான். குளிர்காலக் காலையில் மட்டும் அவசரப்படாதீர்கள். மலை நிழல் விழும் வளைவிலும் பாலத்தின் மேலும் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும். சாலை ஈரமாகத் தெரிகிறது, முன்னே போகும் வண்டியின் டயர் நீரைத் தெறிக்கவில்லை என்றால் அது நீரல்ல. அந்த இடத்தில் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக் கடந்துவிடுங்கள். காலையில் கண்ணாடியில் உறைந்திருக்கும் பனிமீது வெந்நீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும்.

வானகாவிலிருந்து குயின்ஸ்டவுனுக்குக் கிரவுன் ரேஞ்ச் வழி எழுபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், க்ராம்வெல் சுற்றிப் போனால் நூற்றுப்பத்துக்குப் பக்கம். கிரவுன் ரேஞ்ச் ஏறுவது மெதுவாக இருக்கும், குயின்ஸ்டவுன் பக்கம் இறங்கும் கொண்டையூசி வளைவுகள்தான் செங்குத்து. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரைக் கைமுறைக்கு மாற்றி இரண்டிலோ மூன்றிலோ வையுங்கள், எஞ்சினே வேகத்தைப் பிடிக்கட்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் கருகிய வாடை வரும், அப்படி வந்தால் ஒதுங்கி நிறுத்தி ஆறவிடுங்கள். பனி பெய்த நாளில் க்ராம்வெல் வழியே போய்விடுங்கள், கூடுதலாகும் அரை மணிக்கு வருத்தப்பட வேண்டியதில்லை.

குயின்ஸ்டவுனில் தங்கிக்கொண்டு மில்ஃபோர்டை ஒரே நாளில் போய்வரலாம் என்று வரைபடம் ஆசை காட்டும். போக 288 கிலோமீட்டர், வரவும் அதே. நிறுத்தமில்லாமலே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கில். கோடையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், சமாளிக்கலாம். ஜூன் மாதத்தில் அங்கே குளிர்காலம், ஐந்து மணிக்கே இருட்டிவிடும், திரும்பும் பாதி வழி இருளும் பனியுமாக இருக்கும். இப்படி ஓட்டிவிட்டு வந்த இருவர் அன்றிரவு முகம் கொடுத்துப் பேசிக்கொள்ள மாட்டார்கள். தே அனாவில் இரண்டு இரவு போடுங்கள். முதல் நாள் சாலை மூடினால் இரண்டாம் நாள் கையில் இருக்கும். மூடாவிட்டால் அந்த உபரி நாளுக்கும் அங்கே வேலை உண்டு. ஊரை ஒட்டியிருக்கும் தே அனாவ் ஏரிதான் தென் தீவின் மிகப் பெரிய ஏரி. அழிந்துவிட்டதாக நம்பப்பட்டு 1948இல் அருகிலுள்ள மர்ச்சிசன் மலையில் மீண்டும் கண்டெடுத்த டகாஹே பறவையை ஏரிக்கரைச் சரணாலயத்தில் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

படகுச் சீட்டுதான் பணம் போகும் இடம். ஆளுக்கு நூறு டாலரைச் சுற்றித் தொடங்கி, பருவத்தையும் படகையும் பொறுத்து மேலே போகும், இருவருக்கு என்றால் சின்னத் தொகை இல்லை. அதிகாரப்பூர்வமாகச் சாலை மூடினால் பெரும்பாலும் வேறு நாளுக்கு மாற்றித் தருவார்கள் அல்லது பணத்தைத் திருப்புவார்கள். நீங்கள் தாமதமாக வந்து படகைத் தவறவிட்டால் அது உங்கள் கணக்கு. ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். தே அனாவிலிருந்து 120 கிலோமீட்டர், ஓட்ட மட்டும் இரண்டு மணி நேரம். வழியில் வரும் ஹோமர் சுரங்கப் பாதையின் வாசலில் சிவப்பு விளக்கில் இருபது நிமிடம் நிற்க நேரலாம். எக்லிண்டன் பள்ளத்தாக்கு, கண்ணாடி ஏரிகள் என்று வழியில் இறங்குவதற்கு அரை மணி. வாகன நிறுத்தத்தில் இடம் தேடி, அங்கிருந்து படகுத்துறைக்கு நடக்க அரை மணி. துறையில் இருபது நிமிடம் முன்பே நிற்கச் சொல்வார்கள். பத்தரை மணிப் படகுக்கு ஆறே முக்காலுக்கே தே அனாவ் விட்டுக் கிளம்பியாக வேண்டும். முனையத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் மணிக்கணக்கில் கட்டணம், தள்ளியிருக்கும் இடத்தில் நடை அதிகம். குயின்ஸ்டவுன் பேருந்துகள் நண்பகலை ஒட்டி வந்து சேரும். அதற்கு முன்போ, மூன்று மணிக்குப் பிறகோ ஏறினால் மேல்தளத்தில் இடித்துக்கொள்ளாமல் நிற்கலாம்.

தே அனாவில் டேங்கை நிரப்பி, சாப்பாட்டையும் கட்டிக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டினால் கைபேசிச் சமிக்ஞை போய்விடும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருக்க வேண்டும். கிளம்பும் காலையில் போக்குவரத்துத் துறையின் மில்ஃபோர்ட் சாலை அறிவிப்பைப் பாருங்கள். மே முதல் நவம்பர் வரை பனிச்சரிவுக் காலம். பனியில் வழுக்காமலிருக்க டயரில் மாட்டும் சங்கிலியை எடுத்துச் செல்லச் சொல்லிப் பலகை வைத்திருந்தால் இல்லாமல் போவது சட்டப்படி தவறு. சங்கிலியை வாடகைக்கு எடுக்கும் கடையிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். எந்தச் சக்கரத்துக்கு எஞ்சின் விசை போகிறதோ அதில்தான் மாட்ட வேண்டும், சிறிய கார்களில் பெரும்பாலும் முன்சக்கரம். உள்பக்கக் கொக்கியை முதலில், வெளிப்பக்கத்தை அடுத்து, பிறகு இறுக்கம். சில மீட்டர் ஓட்டி நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தளர்ந்த சங்கிலி சக்கர வளைவை அடித்துக் கிழிக்கும். மாட்டியபின் 40க்கு மேல் போகக் கூடாது, பனி தீர்ந்த தார்ச்சாலையில் உடனே கழற்றிவிட வேண்டும். முழங்கால் போட ஒரு பழைய பாயும் ரப்பர் கையுறையும் வைத்திருந்தால் விரல் விறைக்காது. 'நிற்காதீர்' என்று பலகை இருக்கும் நீளத்தில் எதற்காகவும் நிற்காதீர்கள். மேலே பனி தொங்கும் சரிவு அது.

ஹோமர் சுரங்கம் 1.2 கிலோமீட்டர். 1935இல் வேலை தொடங்கி 1954இல்தான் திறந்தார்கள், நடுவில் பனிச்சரிவில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். உள்ளே பூச்சில்லாத பாறைச் சுவர், மேலிருந்து நீர் சொட்டும், மில்ஃபோர்ட் பக்கம் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் கீழிறங்கும். வாசலில் நுழையும் முன்பே விளக்கைப் போட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோடையில் பகலில் விளக்கு வைத்து ஒருவழியாக விடுவார்கள். பனிச்சரிவுக் காலத்தில் வண்டிகள் வாசலில் தேங்கி நிற்கக் கூடாது என்பதால் விளக்கை நிறுத்திவிடுவார்கள், எதிரே வண்டி வரும் என்று எண்ணியே ஓட்ட வேண்டும். கோடையில் காத்திருக்கும் வரிசையில் கியா கிளிகள் வரும். பச்சை உடம்பு, இறக்கைக்கு அடியில் செம்மஞ்சள். கூரையில் உட்கார்ந்து கதவோர ரப்பரையும் வைப்பரையும் கொத்திப் பிய்க்கும். படம் எடுங்கள், தீனி போடாதீர்கள், வண்டியை விட்டுத் தள்ளிப் போகாதீர்கள்.

மழையென்றால் மனம் உடைய வேண்டாம். அங்கே ஆண்டுக்குச் சுமார் 6,800 மில்லிமீட்டர் பெய்கிறது, சென்னையின் மழை 1,400ஐ ஒட்டியது. பாறை முழுக்க மெல்லிய பாசியின் மேல் வேரோடு வேர் பின்னி நிற்கும் மரங்கள், மண் கிடையாது, தேக்கிவைக்க இடமில்லாமல் பெய்த நீர் அப்படியே நூற்றுக்கணக்கான தற்காலிக அருவிகளாக இறங்கும். வெயில் நாளில் போவென், ஸ்டிர்லிங் போன்ற நிரந்தர அருவிகளைத்தான் பார்ப்பீர்கள். கனமழையில் ஒரு மரம் வழுக்கினால் பிடித்திருந்த மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு விழும். சாலை மூடுவதற்கு அதுவும் ஒரு காரணம். படகு ஸ்டிர்லிங் அருவியின் அடியிலேயே போகும், கேமராவை மூட ஒரு பிளாஸ்டிக் உறை வையுங்கள். கரையில் இறங்கியதும் மணல் ஈ மொய்க்கும். மனிதர்கள் அங்கேயே தங்கிவிடாமலிருக்க ஒரு தேவதை அவற்றை விட்டுப்போனதாக மாவோரிக் கதை உண்டு. கணுக்காலை மூடுங்கள், பூச்சிக் களிம்பைக் காரிலேயே தடவிக்கொண்டு இறங்குங்கள். கடித்த இடம் ஒரு வாரம் அரிக்கும்.

இரண்டு நாளும் சாலை மூடிவிட்டால் மாற்று வழி மனாபோரியிலிருந்து டவுட்ஃபுல் சவுண்ட். ஏரியைப் படகில் கடந்து, வில்மட் கணவாயைப் பேருந்தில் தாண்டி, மறுபடி படகு. சொந்தக் கார் போகாது, ஹோமர் சுரங்கமும் குறுக்கே வராது. விலை மில்ஃபோர்டைவிடக் கூடுதல், முழுநாள் எடுக்கும். கூட்டம் குறைவு என்பதால் பணம் இருந்தால் இதையே முதல் தேர்வாக வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களில் ஒருவர் சொல்கிறார். மற்றவருக்கு ஸ்டிர்லிங் அருவியின் அடியில் நனைவதைக் கைவிட மனமில்லை.

காரைத் திருப்பிக் கொடுக்கும் முன் விமான நிலையத்துக்கு வெளியே டேங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், அவர்கள் நிரப்பினால் லிட்டருக்கு அவர்கள் சொல்வதுதான் விலை. எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் முன்கண்ணாடி, நான்கு சக்கரம், கதவு ஓரங்கள் ஆகியவற்றை நேரம் தெரியும்படி வீடியோ எடுத்து, பிடித்துவைத்த முன்பணம் கணக்குக்குத் திரும்பும் வரை அழிக்காமல் வையுங்கள்.